சோறும் சுரப்பியும்

மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அது அக்காமார்களின் மேசை. போன வருடம் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, நீ எந்நேரமும் படிச்சுக்கிட்டே இருக்கிற ஆளாச்சே. ஒண்ணு சொல்லு. சோத்த விட்டா தைராய்டு போயிருமா?"

எட்டு மாதமாக அவர் சோற்றைத் தொடவில்லை. பதினோரு கிலோ குறைந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மூன்று மாதத்துக்கு முன்னால் தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். "அதான் குறைஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" நல்ல வெயில் காலம். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். இளைத்ததால் குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தியது தப்பு, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட் ஏறினேன்.

ஆனால் அவருடைய கேள்வி கூடவே வந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தைராய்டு வந்தால் எடை கூடும். ஆகவே எடை குறைந்தால் தைராய்டு போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்குக்கு நம் பேச்சுத் தமிழும் ஒத்தாசை செய்கிறது. "சுகர் இருக்கு", "பிரஷர் இருக்கு" என்பதுபோல "தைராய்டு இருக்கு" என்கிறோம். பிறந்த நாளிலிருந்து எல்லாருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி அது. பழைய பாடப்புத்தகங்களில் கேடயச் சுரப்பி. அது குறைவாகச் சுரப்பதைத்தான் 'இருக்கு' என்கிறோம். இல்லாமல் போவதை இருக்கிறது என்று சொல்லும் விநோதம்.

சோற்றைக் குறைப்பதற்கும் சுரப்பிக்கும் எப்போது முடிச்சு விழுந்தது என்று தேடிப் படித்தேன். இரண்டு வைத்தியங்களின் கதையும் ஒரே ஊரில், பத்துப் பதினைந்து வருட இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல் தொடங்குகிறது. ஊர் லண்டன்.

1862இல் அங்கே வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்தித்தரும் தொழில். அரச குடும்பத்துக்கே செய்துகொடுத்த வீடு. வயது 66, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது 92 கிலோ சுமார். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. முழங்கால் தாங்காது என்பதால் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு துழாவினார், குதிரை ஏறினார், நீராவிக் குளியல் எடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காது கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். ஹார்வி பாரிஸில் குளோத் பெர்னார்டின் விரிவுரைகளைக் கேட்டவர். கல்லீரலும் சர்க்கரையும் எப்படி வேலை செய்கின்றன என்று பெர்னார்ட் சொன்னது அவர் மனதில் இருந்தது. ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடுங்கள் என்றார். இறைச்சி சாப்பிடலாம், மீன் சாப்பிடலாம். ஒயினுக்கும் தடை இல்லை! ஒரு வருடத்தில் பான்டிங் 46 பவுண்டு குறைந்தார். 1863இல் உடல் பருமன் பற்றி ஒரு சிறு கடிதப் புத்தகம் எழுதிச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் எடை குறைப்பதற்கு 'பான்டா' என்றுதான் பெயர். மாவுச்சத்தைக் குறைத்து மெலியும் முறையை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோனது இந்தச் சிறு புத்தகம்தான். அதில் சுரப்பி பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பத்து வருடம் கழித்து, 1873இல், அதே லண்டனில் சர் வில்லியம் கல் என்ற மருத்துவர் மருத்துவச் சங்கமொன்றில் ஒரு கட்டுரை படித்தார். நடுவயதுப் பெண்கள் சிலருக்கு முகம் வீங்குகிறது, நாக்கு தடிக்கிறது, குரல் மாறுகிறது, மனமும் உடம்பும் மந்தமாகின்றன. காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1878இல் வில்லியம் ஆர்ட் இதற்கு மிக்சிடீமா என்று பெயர் வைத்தார். அந்த வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழாது. நீர் வீக்கமுமில்லை, கொழுப்புமில்லை. பெயர் வைத்த அந்த வருடம்தான் பான்டிங் இறந்தார். 1888இல் சங்கம் அமைத்த குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, கோளாறு தைராய்டில்தான் என்று அறிக்கை கொடுத்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள்.

கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1873இல் அவர் அதே சங்கத்தில் வேறொரு கட்டுரையும் படித்தார். சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிப்போன இளம்பெண்களைப் பற்றியது. அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. காரணமில்லாமல் ஊதிப்போன பெண்களும் பட்டினியால் தேய்ந்துபோன பெண்களும் அச்சங்கத்தின் ஒரே தொகுதியில் அச்சாகியிருக்கிறார்கள். எழுதியவர் ஒரே ஆண். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

வைத்தியம் 1891இல் வந்தது. நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் ஆட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார். சில மாதங்களில் முகம் திரும்பி வந்தது. பேச்சு திரும்பி வந்தது. மறு வருடமே, ஊசி தேவையில்லை, வாய்வழி கொடுத்தாலும் போதும் என்று இருவர் தனித்தனியாகக் காட்டினார்கள். அதில் எட்வர்டு ஃபாக்ஸ் கொடுத்த செய்முறை சமையல் குறிப்பேதான்: ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, கொத்தி, கரண்ட் பழ ஜெல்லியோடு வாரம் ஒருமுறை. மரேயின் நோயாளி 1919 வரை, 74 வயது வரை, வாழ்ந்தார். அந்த இருபத்தெட்டு வருடங்களில் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவருக்குள் போயிருந்தது என்று மரே கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

அவர் மருந்தை ஒருநாளும் நிறுத்தவில்லை. முகம் தெளிந்த பிறகும், எடை இறங்கிய பிறகும். சுரப்பி செய்யாததை ஆடு செய்தது. ஆட்டை நிறுத்தினால் மறுபடி பழைய இடம். எங்கள் அக்காவுக்கான பதில் இங்கேயே இருந்தது. ஆனால் சரித்திரம் அங்கே நிற்கவில்லை.

மரேயின் ஊசிக்கு மூன்றே வருடம் கழித்து, 1894இல், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் லைஷ்டென்ஸ்டேர்ன் என்பவரும் அவருடைய சகாவும் இந்தச் சாற்றை உடல் பருமனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை இறங்கியது. முடிச்சு விழுந்த இடம் இதுதான். சுரப்பி குறைந்தவருக்கான மருந்து, சுரப்பி நன்றாக இருப்பவரை மெலியவைக்கும் சரக்காக மாறியது. நன்றாக இருப்பவர் இதைச் சாப்பிட்டால் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். இதயம் படபடக்கும், கை நடுங்கும், எலும்பு தேயும். அப்படியும் விற்றது. அமெரிக்காவில் 1950, 60களில் 'வானவில் மாத்திரைகள்' என்று கலர் கலராக ஒரு வரிசை: ஆம்ஃபெட்டமைன், தைராய்டு, இதய மருந்து, நீரிறக்கி எல்லாம் ஒரே பையில். 1968இல் லைஃப் பத்திரிகை நிருபர் சுசானா மெக்பீ பத்து டாக்டர்களிடம் எடை குறைக்க வேண்டும் என்று போய் நின்றார். அவருக்குக் குறைக்க எடையே கிடையாது. 1,479 மாத்திரைகளோடு திரும்பி வந்தார். அதே வருடம் செனட்டில் விசாரணை நடந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் விற்கும் தைராய்டு மாத்திரையின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை இருக்கும், இது எடை குறைக்கும் மருந்து அல்ல என்று. மருந்துக் கம்பெனிகளின் பெருந்தன்மையால் வந்த கட்டம் இல்லை அது.

சிங்கப்பூரில் இதன் வால் 2002இல் சுழன்றது. 'ஸ்லிம் 10' என்று சீனாவிலிருந்து வந்த மூலிகை மாத்திரை. உள்ளே யாருக்கும் சொல்லாமல் ஃபென்ஃப்ளூரமைன் கலந்திருந்தது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இலேயே பல நாடுகளில் கைவிடப்பட்ட மருந்து. சுகாதார அறிவியல் ஆணையம் மாத்திரையைத் தடை செய்வதற்குள் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்திருந்தது. பின்னாளில் அவரை மணந்துகொண்ட நடிகர் பியர் பிங் தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தார். வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2004இல் மேல்முறையீட்டிலும் ஆண்ட்ரியாவே ஜெயித்தார். இந்தக் கதை ஊருக்கே தெரியும். அதே மாத்திரையைச் சாப்பிட்டு அதே வருடம் கல்லீரல் செயலிழந்து ஓர் இந்தியப் பெண் இறந்துபோனார். நாற்பதுகளில் இருந்தவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவரைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அந்த வருடமே ஜப்பானில் இதேபோல இறக்குமதியான எடை குறைப்பு 'மூலிகை'களை ஆராய்ந்தபோது ஃபென்ஃப்ளூரமைன் வகைச் சரக்கோடு தைராய்டு ஹார்மோனும் அகப்பட்டது. 1894இன் கொலோன் சரக்கு, நூறு வருடம் கழித்து, மூலிகை வேஷத்தில்.

மார்சிலிங்கில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 950 பஸ் ஏறினால் கடற்பாலம், தாண்டினால் ஜொகூர் பாரு. பல் டாக்டர், மளிகை, முடிவெட்டு எல்லாவற்றுக்கும் அங்கே போகிறோம். வரும்போது பையில் ஒரு 'ஸ்லிம்மிங் கோப்பி'யும் வந்துவிடுகிறது. இங்கே ஆன்லைனில் வாங்கினாலும் அதே கதைதான். இப்படிப்பட்ட கோப்பியிலும் மாத்திரையிலும் 2010இல் கைவிடப்பட்ட சிபுட்ரமைனைக் கண்டுபிடித்து ஆணையம் எச்சரிக்கை விடுவது வழக்கமாகிவிட்டது.

குண்டாக இருப்பது வெட்கம் என்று ஒரு தலைமுறைக்கே இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டதும் இந்தக் கதையில் சேரும். 1992இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் வந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து ஓடவிடுவார்கள், பல பள்ளிகளில் இடைவேளையிலேயே. திட்டத்தின் பெயர்ச் சுருக்கம் டி-ஏ-எஃப். திருப்பிப் படித்தால் 'ஃபேட்'. பிள்ளைகள் திருப்பித்தான் படித்தார்கள். 2007இல் அதை எடுத்துவிட்டார்கள். அதில் ஓடிய பெண்பிள்ளைகளுக்கு இப்போது முப்பதும் நாற்பதும் வயது. தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கிற வயது.

பிறகு பழி சோற்றின் மேல் திரும்பியது. 2016 மே மாதம் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தலைவர், இனிப்பு பானங்களைவிட வெள்ளைச் சோறுதான் பெரிய ஆபத்து என்றார். மூன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் கணக்குப்படி, தினம் சாப்பிடும் ஒவ்வொரு தட்டு வெள்ளைச் சோறும் நீரிழிவு அபாயத்தை 11 சதவீதம் கூட்டுகிறது. அடுத்த வருடம் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் இன்னொரு கணக்குச் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. அன்றைக்கு நிறையத் தமிழ் வீடுகளில் டிவி முன்னால் சோற்றுத் தட்டோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

சோறு இல்லாத காலத்தையும் இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1942இலிருந்து 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி ரேஷனில். வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும். மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தாமல் தின்றால் அதிலிருந்து உடம்பில் தயோசயனேட் உருவாகும். அது தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். ஆப்பிரிக்காவில் அயோடின் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் மரவள்ளி தின்ற ஜனங்களுக்கு முன்கழுத்துக் கழலை வந்ததை ஆய்வாளர்கள் பின்னால் விரிவாகப் பதிவுசெய்தார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த பாட்டிகளிடம் போய், "நான் சோத்த விட்டுட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன கேடு வந்தது உனக்கு என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் அக்கா சோற்றை விட்டது பிரதமர் சொல்லி இல்லை, ஃபேஸ்புக்கில் தமிழில் படித்து. நியாண்டர் செல்வன் தொடங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவையும் கிழக்கு பதிப்பகம் போட்ட அவருடைய 'பேலியோ டயட்' புத்தகத்தையும் அறியாத தமிழ் வாசகர்கள் இன்று குறைவு. காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, பனீர், கறி, நடுவில் வெண்ணெய் போட்ட டீ. இதை நக்கலடிப்பது சுலபம். நான் அடிக்க மாட்டேன். தமிழில் சாமானிய ஜனங்கள் தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தாங்களே வாசிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். ட்ரைகிளிசரைடு, இன்சுலின், டிஎஸ்ஹெச் எல்லாம் காரைக்குடியிலும் தேக்காவிலும் சமையலறைச் சொற்களாயின. நீரிழிவுக்காரர்கள் பலருக்கு மாவுச்சத்தைக் குறைத்ததில் சர்க்கரை இறங்கியதும் நிஜம். ஆனால் எந்தக் குழுவிலும் ஜெயித்தவர்கள் கதைதான் மேலே மிதக்கும். "தைராய்டு இருந்தும் இருபது கிலோ குறைத்தேன்" என்பது இரண்டு பேர் வாய் மாறினால் "இருபது கிலோ குறைந்தது, தைராய்டும் போச்சு" என்றாகிவிடும்.

தைராய்டு எங்கே போகும்? பெரும்பாலோருக்கு இது ஹஷிமோட்டோ வகை. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய மருத்துவர் 1912இல் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குப் போய் ஊர் வைத்தியராக இருந்து 1934இல் டைபாய்டில் இறந்துபோனார். உடம்பு தன் சுரப்பியைத் தானே தாக்கி அழிக்கிறது என்பது 1956இல்தான் தெளிவானது. அழிந்த சுரப்பி சோற்றை விட்டதற்காகத் திரும்ப முளைக்காது. அயோடின் உப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த காலமும் உண்டு. உப்பு வந்தபிறகு சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குச் சுரப்பி குறைவு.

எடைக் கணக்கும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. சுரப்பி குறைவதால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டரையிலிருந்து ஐந்து கிலோதான் என்கிறார்கள் மருத்துவர்கள். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மிச்சமெல்லாம் மற்றவர்களுக்கு ஏறுகிற அதே வழியில் ஏறுவது. தைராய்டு மேல் போட்ட பழி பாதி பொய். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. "நீ தின்னுதான் குண்டானே" என்று ஊர் வாய் சொல்லும்போது, எனக்கு தைராய்டு என்று சொல்வது ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே கேடயம்.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பருமனானவர்களை இரண்டு வாரம் 800 கலோரியில் வைத்துப் பார்த்தார்கள். உணவில் மாவுச்சத்தே இல்லாதவர்களுக்கு டி3 ஏறக்குறைய பாதியாக இறங்கியது. திசுக்களில் வேலை செய்யும் தைராய்டு ஹார்மோன் அதுதான். அதே 800 கலோரியில் குறைந்தது 50 கிராம் மாவுச்சத்து இருந்தவர்களுக்குப் பெரிதாக இறங்கவில்லை. 50 கிராம் என்பது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சற்று மேல். இதை வைத்துப் பேலியோ தைராய்டைக் கெடுக்கும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதுவும் அவசரம். வரவு குறைந்தால் செலவைச் சுருக்கும் வீடு மாதிரி உடம்பு சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவே. நல்ல சுரப்பி நோயாளிச் சுரப்பி ஆகிவிடவில்லை. ஆனால் சுரப்பியே இல்லாதவர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுச் சோற்றையும் நிறுத்தினால், சம்பளமே வராத வீட்டில் சிக்கனம் பிடித்த கதை.

அக்காவை அடுத்த வாரம் லிஃப்டில் பார்த்தேன். குரல் கரகரத்திருந்தது. கல் எழுதியதை அதற்குள் படித்திருந்ததால் எனக்கு அந்தக் குரல் பயமாக இருந்தது. ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. வீடுவரை கூடவே போய் அவர் மகளிடம் சொன்னேன். மறுநாள் பாலிகிளினிக் போனார்கள். நாலைந்துக்குள் இருக்க வேண்டிய டிஎஸ்ஹெச் நாற்பதைத் தாண்டியிருந்தது.

அங்கே இன்னொன்றும் தெரியவந்தது. மாத்திரை சாப்பிட்ட காலத்திலும் அவர் அதை வெண்ணெய் கோப்பியோடுதான் விழுங்கியிருக்கிறார். கோப்பி இந்த மாத்திரை குடலில் சேருவதைக் குறைக்கும் என்று இத்தாலிய மருத்துவர்கள் 2008இல் காட்டியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது கழித்துத்தான் மற்றதெல்லாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை என்றால் நாலு மணி நேரம். சோற்றைப் பற்றி டாக்டர் அதிகம் பேசவில்லையாம். சர்க்கரைக்கு நல்லதுதான், குறைத்தே சாப்பிடுங்கள், ஒரேயடியாக விடவேண்டியதில்லை என்றாராம்.

இப்போது மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு. எடை இரண்டு கிலோ ஏறி அங்கேயே நிற்கிறது. அதில் அவருக்கு வருத்தம்தான். முதல் ரயிலைப் பிடிக்கிறவர் என்பதால் நாலரைக்கே எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோப்பியைக் கலக்கி மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த அரை மணி நேரந்தான் தம்பி தாங்க முடியல. வாசம் மூக்கத் துளைக்குது."